சாப்பாட்டுக்கு வழி சொல்பவன்

இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து ஒரு வாரம் ஆயிற்று என்கிறீர்கள். சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் சார்? தப்பாக நினைக்காதீர்கள். காலையிலிருந்து என் எதிரில் உட்கார்ந்திருக்கிறீர்கள், மதியம் தாண்டிவிட்டது, உங்கள் வயிறு குரல் கொடுத்தது எனக்கே கேட்டது. என் வாக்குமூலம் எங்கும் ஓடிவிடாது. சோறுதான் ஆறிப்போகும்.

உங்கள் ஏட்டு என்னை ஜீப்பில் ஏற்றும்போது, "உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும்டா" என்றார். இந்த ஊரில் அவருக்கு உப்பு எங்கே கிடைத்தது என்று கேட்க நினைத்தேன். எனக்கு விலங்கு மாட்டுகிறவரிடம் பேச்சுக் கொடுத்தால் வேலை கெடும் என்று விட்டுவிட்டேன்.

தெரியாத ஊரில் எங்கே சாப்பிடுவது என்று தவிப்பவர்களுக்கு வழி சொல்வதுதான் என் தொழில். லாட்ஜில் எனக்குக் கொடுத்த அட்டையில் வரவேற்பாளர் என்று இருக்கும். சாவி மாட்டிவைக்க ஆள் எதற்கு, ஆணி போதும். பெட்டியை அறையில் வைத்த கையோடு கீழே இறங்கி வந்து, "தம்பி, இங்க சாப்பாடு எங்க நல்லா இருக்கும்?" என்று கேட்பார்கள் பாருங்கள், அங்கேதான் நான் தேவைப்படுவேன். ஆளை ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பேன். பயணக் களைப்பா, பசியா, வீட்டு ஏக்கமா என்று தெரிந்துவிடும். அதற்குத் தக்கபடி மாடிக்கடை, கண்ணாடிக்கடை என்று ஹோட்டல் சொல்வேன். யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை.

தற்பெருமை இல்லை, கணக்குக்குச் சொல்கிறேன். நேற்றைய குழம்பை இன்றைய குழம்பில் கலந்திருந்தால் முதல் வாயிலேயே பிடித்துவிடுவேன். பழைய எண்ணெய் என்றால் தெருவில் நடக்கும்போதே சொல்வேன். கடை திறக்கும் முன் மாஸ்டர்கள் என்னைக் கூப்பிட்டுக் கரண்டியை நீட்டுவார்கள். "வாயில போட்டு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ தம்பி." நான் தலையசைத்த பிறகுதான் தட்டு எடுப்பார்கள். லாட்ஜ் முதலாளி நாலு பேருக்கு என்னை அறிமுகப்படுத்தும்போது பெயரே சொல்ல மாட்டார். "இவன்தான் நம்ம லாட்ஜோட நாக்கு" என்பார். சொந்தப் பெயரைவிட அது எனக்குப் பொருந்தியிருந்தது.

போன மழைக்காலத்தில் ஒருவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது லாட்ஜ் மாடிப்படியில் வழுக்கி விழுந்தேன். பின்மண்டையில் அடி. சில நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இதைச் சொல்லக் காரணம், நான் ஊரைக் கவனிக்காமல் இருந்தது அந்தச் சில நாள்தான். அதற்குள் எல்லாம் கெட்டுப்போயிருந்தது. பூனை இல்லாத வீட்டில் எலிகள் என்ன செய்யுமோ அதையே சமையல்காரர்களும் செய்தார்கள். மாடிக்கடைக் குழம்பு வெந்நீர். கண்ணாடிக்கடை சூப் வெந்நீர், கொஞ்சம் கொழகொழப்பாக. அக்கா வீட்டில் போடும் டீகூட வெந்நீர்தான். எல்லோரும் பேசிவைத்துக்கொண்டதுபோல் ஒரே சமயத்தில் கைவிட்டுவிட்டார்கள்.

அக்காவிடம் சொன்னேன். அவளுக்கு என்னைத் தவிர வேறு யாருமில்லை, எனக்கும் அப்படித்தான். அதனால் மனம்விட்டுப் பேசுவோம்.

"நீ படியில விழுந்ததுல இருந்துதான்டா இப்படிச் சொல்ற" என்றாள்.

"விழுந்தது தல. சாப்பிடறது வாய்."

"ரெண்டும் ஒரே ஆளுக்குத்தானடா இருக்கு."

அக்கா படிக்காதவள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வறட்சியில் எனக்குக் கிடைத்ததுதான் சந்துக்கடை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், லாரிகள் நிற்கும் திடலுக்குப் போகிற சந்தில் இருக்கிறது. இருந்தது. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, எப்போதும் எரியும் அடுப்பு. நடத்தியவளை எல்லோரும் அத்தை என்பார்கள். கட்டைக் குரல், கனத்த உடம்பு. டிரைவர்கள் எல்லோரும் அவளுக்கு மருமகன்கள். கட்டிக்கொடுக்கப் பெண்தான் கிடையாது. வண்டி ஓட்டுகிறவன் வழியில் கண்ணயரக் கூடாது என்பதற்காகவே அவள் சமைத்தாள். ஒரு வாய் வைத்தால் காது அடைக்கும், மூக்கு ஒழுகும், முதுகு வேர்க்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் முதல்முறையாக என் வாய்க்குள் ஏதோ நடந்தது. ஊரே கைவிட்ட தொழிலை ஒருத்தி மட்டும் விடாமல் பிடித்திருக்கிறாள் என்று கும்பிடத் தோன்றியது.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் சந்துக்கடைதான். ஒரு புதுமணத் தம்பதியை அனுப்பினேன். கைக்குழந்தையோடு வந்த குடும்பத்தை அனுப்பினேன். ஆபரேஷன் முடிந்து பத்தியத்தில் இருந்த ஒரு பெரியவரை அனுப்பினேன். திரும்பி வரும்போது எல்லோர் கண்ணும் கலங்கியிருந்தது. ருசிக்கு இப்படியும் ஒரு மரியாதை உண்டு என்று நினைத்துக்கொண்டேன். பெரியவரை மட்டும் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். வயதானவர், போவதற்கு ஏதாவது ஒரு சாக்கு வேண்டுமே.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னொரு ஆளு வயித்தப் புடிச்சிக்கிட்டு வந்தா, நீ வேற எடம் பாத்துக்க. யாராவது கேட்டா மாடிக்கடைன்னு சொல்லு. எல்லாரும் அங்கதான் நல்லா இருக்குங்கறாங்க."

பத்து வருஷம் உழைத்த நாக்கை ஒரு வாக்கியத்தில் அறுத்துவிட்டார். ஆனாலும் நான் அவசரப்படவில்லை. ஒருவேளை மாடிக்கடையில் திருந்தியிருப்பார்களோ என்று நேரில் போய்ப் பார்த்தேன். சமையலறைக்கே போனேன். குழம்பு அதே வெந்நீர். கரண்டியில் அள்ளி மாஸ்டரிடம் நீட்டினேன்.

"நீங்களே ஒரு வாய் போட்டுப் பாருங்க மாஸ்டர்."

போட்டார். "நல்லாத்தான தம்பி இருக்கு."

"உப்பு?"

"இருக்கே."

"வாசம்?"

"தெருவே மணக்குது. உனக்கென்ன, ஜலதோஷமா?"

என் முகத்தைப் பார்த்து, சிரித்துக்கொண்டே பொய் சொன்னார் சார். நான் குரலை உயர்த்தவில்லை. அவருடைய வலது கையை மணிக்கட்டில் பிடித்து, ரொட்டி போடுகிற கல்லின்மேல் விரித்து வைத்தேன். கல் காய்ந்திருந்தது. அடுப்புத் துணியை என் கையில் சுற்றிக்கொண்டு மேலிருந்து அழுத்தினேன். மீன் வறுக்கும் சத்தம்தான், பெரிய வித்தியாசம் இல்லை. அவர் போட்ட கூச்சலில் அதுவும் சரியாகக் கேட்கவில்லை. வேலையாட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். நான் நின்று, மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கைமணம் கைமணம் என்று ஊரெல்லாம் புகழ்ந்த கை, கல்லில் வைத்தும் மணக்கவில்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அவரை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனதும் நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இன்னொரு கை இருக்கிறது என்பதை வழியில் நினைவூட்டினேன். கால் இடறிக் கல்லில் கை ஊன்றிவிட்டது என்று டாக்டரிடம் சொன்னார். வேலையாட்களும் அப்படியே சொன்னார்கள். அவர்களுக்கும் ஆளுக்கு இரண்டு கைகள்.

கண்ணாடிக்கடைக்காரர் வேறு ரகம். முதலாளியும் அவரே, சமையலும் அவரே, விளம்பரமும் அவரே. சூப்பில் சத்தில்லை என்று மரியாதையாகச் சொன்னதற்கு, "ஊருக்கெல்லாம் ருசிக்குது, உனக்கு மட்டும் கசக்குதா? போய் நாக்கக் கழுவிட்டு வா" என்றார். அண்டாவில் கிடந்த நீளக் கரண்டியை எடுத்து அவர் வாயில் அடித்தேன். இரும்புக் கரண்டி. முன்பற்கள் சூப்பிலேயே விழுந்தன. நியாயமாக நடக்க வேண்டும் அல்லவா, அதற்குப் பிறகும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். ருசி கூடவில்லை. அந்த வாரமே கடையைப் பூட்டிவிட்டு மாமனார் ஊருக்குப் போய்விட்டார். புகார் கொடுக்கவில்லை என்றால் அது அவர் விருப்பம். கொடுத்திருந்தாலும் அவர் பேசுவது உங்களுக்குப் புரிந்திருக்காது.

ஆக, இந்த ஊரில் உங்களுக்கு மனசாரச் சொல்லக்கூடிய கடை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சந்துக்கடைக்கு வருகிறேன்.

நேற்று மதியம் அத்தை எனக்குத் தானே பரிமாறினாள். டிரைவர்கள் பெஞ்சில் நெருக்கிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்படி மருமகனே இன்னைக்கிக் கொழம்பு?"

"இதுக்கு மேல ஒரு கொழம்பு கிடையாது அத்தை" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

"நான் கொழம்பே வைக்கல. சுடுதண்ணில மொளகாத்தூளக் கலக்கி ஊத்துனேன்."

பெஞ்சு அதிரச் சிரித்தார்கள். ஒருவன், "அத்தை, நாளைக்கு ரேடியேட்டர் தண்ணி ஊத்திப் பாருங்க" என்றான். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அவர்களை அதட்டி அடக்கிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தலையில அடிபட்டா இப்படி ஆகுமாம்ப்பா. எங்கூடப் பொறந்தவனுக்கும் ஆச்சு. மண்ண அள்ளிப் போட்டாலும் தெரியாது அவனுக்கு. உம்மேல தப்பில்ல. ஆனா அந்த மாஸ்டர் கை... அதுவும் நீதான?" நான் அடுத்த வாய்ச் சோற்றைப் பிசைந்தேன். "நாளைக்கி மதியம் கூட்டம் முடிஞ்சதும் உங்க மொதலாளியப் பாத்து நானே சொல்றேன். டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகச் சொல்றேன். பயப்படாத மருமகனே."

நல்ல மனசு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். லாட்ஜின் நாக்குக்கு ருசி தெரியாது என்று அவள் போய்ச் சொன்னால், நான் யார்? சாவி மாட்டுகிற ஆணி. ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். ஒரு வாய் என்றால் அவ்வளவு கஷ்டமில்லை.

இன்று அவள் கிளம்புவதற்கு முன் போய்விட வேண்டும் என்பதால் கூட்டம் வரும் முன்னே, விடிகாலையிலேயே போனேன். உலையில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அத்தை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கத்தியக் குடுங்க அத்தை, நான் நறுக்கித் தர்றேன்."

"பரவால்லயே, மருமகன் வேலைக்கி வந்துட்டாரு" என்று கத்தியை நீட்டினாள். பிடியை என் பக்கம் திருப்பிக் கொடுத்தாள் சார். நல்ல சமையல்காரர்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. கூர்முனையைத் தங்கள் பக்கம் வைத்துக்கொண்டுதான் கத்தியைக் கொடுப்பார்கள். அவள் விரலை எடுப்பதற்கு முன்னேயே வேலையை ஆரம்பித்துவிட்டேன். கழுத்தில்தான். வேறு இடமென்றால் இழுக்கும். அவள் வலி தாங்கமாட்டாள். ஒருமுறை காலில் கஞ்சி கொட்டியதற்கே ஊரையே கூட்டியவள். முதல் வெட்டு ஆழமாக விழவில்லை. வெங்காயம் நறுக்குகிற கத்திதானே. மறுபடி வெட்ட வேண்டியிருந்தது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. இன்னொரு கையை அடுப்புப் பக்கம் நீட்டி நீட்டிக் காட்டினாள். என்ன சொல்ல வந்தாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வெங்காயம்.

ஆம், அத்தையைக் கொன்றது நான்தான். அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு ஏன் ஓடவில்லை என்று ஏட்டு கேட்டார். பக்கத்தில் சட்டியில் குழம்பு இருந்தது. அத்தை கடைசியாக வைத்த குழம்பு, சூடாக இருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டேன். நன்றாக உறைத்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் டிரைவர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சோறு அடிபிடித்துக் கருகிய நாற்றம் திடல் வரைக்கும் வந்ததாம். நான் அடுப்புக்கு ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன், எனக்கு எதுவும் வரவில்லை. சாட்சிகள் மிகைப்படுத்துவார்கள், அதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அத்தை அடுப்பைக் காட்டியது அதற்காகத்தான் என்று ஜீப்பில் வரும்போது புரிந்தது. சாகும்போதும் சோற்றைப் பற்றி நினைத்தவள். அப்படிப்பட்ட ஆட்கள் இனிமேல் கிடைப்பார்களா சார்?

இதோ, அக்காவை உள்ளே விட்டதற்கு நன்றி. பாவம், சேதி கேட்டதும் கைக்கு வந்ததைப் போட்டு டீ கலந்து பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு ஓடிவந்திருக்கிறாள். பார்த்தீர்களா, இந்த நிலைமையிலும் "சாப்டியாடா?" என்றுதான் கேட்டாள். வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள், இதையெல்லாம் அவள் கேட்க வேண்டாம்.

குடியுங்கள் சார். உங்களுக்கும்தான் ஊற்றியிருக்கிறாள். இத்தனை மாதமாக அவள் டீயை வெந்நீர் என்று வைதுகொண்டிருந்தேன். இன்று பாருங்கள், பழைய கை திரும்பிவிட்டது. நான் முழு டம்ளரையும் குடித்துவிட்டேன். என் நாக்கைப் பற்றி அத்தை சொன்னது எவ்வளவு அபத்தம் என்பதற்கு இந்த டீயே போதும்.

ஏன் சார் துப்புகிறீர்கள்?

ஏட்டும் ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைக் கோணுகிறாரே. "சார், சக்கரைக்குப் பதிலா உப்ப அள்ளிப் போட்டிருக்காங்க சார்" என்கிறார். காலையிலிருந்து அவருக்கு உப்புதான் நினைவு. உங்கள் டம்ளரை இப்படிக் கொடுங்கள், அக்கா பார்த்தால் வருத்தப்படுவாள்.

நல்ல டீ. பதமும் சரி, இனிப்பும் சரி. வந்து ஒரு வாரம்தானே ஆகிறது சார், அதற்குள் உங்களுக்கும் நாக்கு செத்துப்போய்விட்டதே.