நாலாவது சைக்கிள்

பிக்கரிங்கிலிருந்து டொரொன்டோ போகும் காலை ரயில். எனக்கு எதிரே இரண்டு தமிழர்கள். இளையவரின் மடியில் புது ரைஸ் குக்கர் பெட்டி.

"ரயில் ஓடின பாதை எண்டபடியால் ஏற்றமே இல்லை, அண்ணை. தண்டவாளத்தைக் கழட்டிப்போட்டு சைக்கிளுக்கு விட்டிருக்கிறாங்கள். படுக்க, சமைக்க வசதியோடை ஒரு ஆர்.வி. வாகனம் வாடகைக்கு எடுத்து, பின்னாலை நாலு சைக்கிளைக் கட்டிக்கொண்டு போனம். நானும் தம்பிமார் ரெண்டு பேரும் ஓடினம்."

"நாலாவது சைக்கிள்?"

"மனுசியின்ரை. அவ ஆர்.வி.யை அடுத்த பழைய ஸ்டேசனுக்குக் கொண்டுபோய், எங்களுக்குச் சோறு கறி சமைச்சு வைச்சிருப்பா. அவவுக்கு உந்த சைக்கிள் ஓட்டத்திலை விருப்பமில்லை."

"கேட்டுப் பாத்தனீரோ?"

"உதையெல்லாம் கேக்கிறதே?"

இளையவர் தொடர்ந்தார்.

"மூண்டாம் நாள் போய்ச் சேந்தால் ஆர்.வி. பூட்டிக் கிடக்குது. சோறும் இல்லை, அவவின்ரை சைக்கிளும் இல்லை. மூண்டு மணித்தியாலம் மூண்டு பேரும் பசியோடை குந்திக்கொண்டிருந்தம். பிறகு வேர்த்து விறுவிறுத்து, சிரிச்சுக்கொண்டு வந்து இறங்கிறா."

"என்ன சொன்னவ?"

"ஏற்றமே இல்லையாம்."

"அடுத்த கோடைக்கும் போறியளோ?"

"ஓம். அவவும் அவவின்ரை தங்கச்சிமாரும் சைக்கிள். நான் ஆர்.வி."

பெரியவர் இப்போதுதான் குக்கர் பெட்டியைச் சரியாகப் பார்த்தார்.

"அரிசிக்கு எவ்வளவு தண்ணி விடுறது எண்டு அவவைக் கேட்டனீரோ?"

"உதையெல்லாம் கேக்கிறதே?"