உப்பை எறிகிற ஊர்

ஸ்ட்ரெதம் போகும் பஸ்ஸில், மழையில் நனைந்த கோட்டுகளுடன் ஒரு தம்பதி எனக்கு முன்னால் இருந்தார்கள்.

"உப்பை எறியிறதோ?" மனைவி போட்ட சத்தத்தில் என் தூக்கம் கலைந்தது.

"ஓமப்பா. சிலியிலை உப்புத்தண்ணியைப் பாத்தியிலை விட்டு வெயிலிலை வத்த வைப்பினமாம். படியிற உப்பை ஒதுக்கிப்போட்டு, மிஞ்சிற தண்ணியிலைதான் பற்றரிக்கு லித்தியம் எடுக்கிறது."

"இன்டர்வியூவிலை நீங்கள் என்ன சொன்னியள்?"

"ஆனையிறவு உப்பளத்திலை செய்தமாதிரி, உப்பை அள்ளிக்கொண்டு தண்ணியைத் திறந்துவிடுவன் எண்டன்."

"கடவுளே!"

"சிரிச்சுப்போட்டு வேலையைத் தந்திட்டாங்கள். பாத்தி வேலை தெரிஞ்ச ஆள்தானே வேணும்."

"அங்கை மழை பெய்யுமோ?"

"பெய்யவே பெய்யாதாம்."

"அப்ப இனியாவது, உப்புக் கரையப்போகுதெண்டு வானத்தைப் பாக்காமல் சோறு சாப்பிடுவியள்."

அவர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.