பதினேழு குடும்பமும் நீக்கிலாப்பிள்ளையும்

சண்டிலிப்பாய்க் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு கெதியாக அவியும், பிள்ளையள். தொண்ணூறாம் ஆண்டு, குருநகரில் ஷெல் விழுகிறதென்று பதினேழு குடும்பம் ஓடிவந்து அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். சமையல் என் பொறுப்பு. பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்ட பக்கத்துத் தோட்டக்காரர் நமசிவாயம் தன் கிணற்றில் எங்களை அள்ளவிட்டார். எங்களைப்போல் கடற்கரைச் சனம் அவருடைய சாதியாரின் வாளியைத் தொட்டது அதுதான் முதல்தரம்.

மூன்றாம் கிழமை, அவருடைய மனைவி குணலட்சுமியின் சங்கிலி கிணற்றடியில் காணாமற்போனது.

"பொழுதுபட முன்னம் கள்ளனைக் காட்டுங்கோ. இல்லாட்டி எல்லாரும் வெளிக்கிடுங்கோ," என்றார் நமசிவாயம்.

வெளியே ஷெல்லடி. எங்களுக்குள் கைக்குழந்தைகள் மட்டும் ஆறு.

நான் யோசித்துத்தான் செய்தேன். எங்களோடு ஓடிவந்த நீக்கிலாப்பிள்ளைக்குப் பெண்சாதி பிள்ளை இல்லை. கள்ளும் குடிப்பார். அவர் சங்கிலியை மடிக்குள் செருகினதைக் கண்டேன் என்று சொன்னேன். அப்படி நான் ஒன்றும் காணவில்லை. கள்ளரைச் சந்தியில் வைத்துச் சுடுகிற இயக்கப் பெடியள் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அடுத்தநாட் காலை அவரை அடைத்துவைத்திருந்த இடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனேன்.

"மக்டலீன், சங்கிலி எடுத்தவன் அதை வித்துக் குடியாமல் இப்பிடித் தொண்டை காய்ஞ்சு கிடப்பானோ?" என்று சிரித்தார். "நீ ஆரையோ மாறிக் கண்டிட்டாய். ஒருக்காச் சொல்லு பிள்ளை, விடுவாங்கள்."

"சாப்பிடுங்கோ அண்ணை," என்றேன். ஒரு மீன்துண்டும் வைத்திருந்தேன்.

திரும்பி வந்து தண்ணீர் அள்ளினேன். ஆவணி மாதம், தண்ணீர் அடியில் கிடந்தது. வாளியில் வந்த சேற்றுக்குள் சங்கிலி.

"அம்மா, தவறி விழுந்திருக்கு. ஓடிப்போய்ச் சொல்லுவம்," என்றாள் பக்கத்தில் நின்ற என் மகள் யசிந்தா.

சொன்னால் நான் பொய்க்காரி. பிறகு எங்கள் சனத்தின் சொல்லை ஆர் நம்புவார்? பதினேழு குடும்பமும் றோட்டில். மற்றப் பக்கம் ஓர் உயிர். ஆருடைய உயிர் என்றாலும் நான் அப்படித்தான் பார்த்திருப்பேன். சங்கிலியைத் திரும்பக் கிணற்றுக்குள் விட்டேன். அப்போது அவர் உயிரோடுதான் இருந்தார்.

மத்தியானம் சந்தியில் வெடிச்சத்தம் கேட்டது. ஒன்றுதான். அதற்குப் பிறகு ஒருவரும் எங்களை எழும்பச் சொல்லவில்லை.

யசிந்தா கேட்டாள்: "அவங்கள் பிடிச்சது என்னையெண்டால், அம்மா?"

"உன்னையோ? பதினேழு குடும்பமும் றோட்டிலை கிடந்து சாகட்டும் எண்டு ஓடிப்போய்ச் சொல்லியிருப்பன். நீ என்ரை பிள்ளையெல்லே."

அன்பாகத்தான் சொன்னேன். அன்றையிலிருந்து அவள் என்னோடு கதைக்கிறதில்லை. ஏனென்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.