நானூற்று முப்பத்திரண்டு

மழைக்காலத்தில் எனக்கு வேலை அதிகம். காற்றில் ஈரம் ஏறினால் பியானோவின் பலகை உப்பிக்கொள்ளும், சுருதி விலகும். பள்ளிக்கூடம், ஹோட்டல், பெரிய வீடுகள் என்று எல்லா இடத்திலிருந்தும் கூப்பிடுவார்கள். முப்பத்தொரு வருடமாக இதுதான் தொழில். நான் சுருதி சேர்த்துவிட்டு வந்த பியானோவை இன்னொருவர் சரிபார்த்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. என் மனைவி ஏன் கண்ணை மூடிக்கொண்டு என்னை நம்பினாள் என்று கேட்டீர்களே, அதற்காகச் சொல்கிறேன்.

போன வருடம் அவளுக்குப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. ஏழு மாதம் நான்தான் பார்த்துக்கொண்டேன். ஊட்டிவிட்டேன், தலை வாரினேன், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன். மகள் வாராவாரம் ரயிலில் வந்து, அழுதுவிட்டு, அடுத்த ரயிலில் போய்விடுவாள். மற்றபடி வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். தண்ணீர் வேண்டுமென்றால்கூட அவள் என் முகத்தைத்தான் பார்ப்பாள். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீடு அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை.

கைக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண்தான் அதைக் கெடுத்தாள். ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி அலுத்துப்போச்சு என்று இவள் சொல்ல, அவள் போனில் யுகுலேலே என்கிற நாலு கம்பிக் குட்டிக் கிதாரை வாசிக்கும் காணொளி ஒன்றைப் போட்டுக் காட்டினாள். அதோடு பிடித்துக்கொண்டது. ஒன்றைப் பார்த்தால் போன் பத்தைக் கொண்டுவந்து கொட்டும். குளியல் தொட்டியில் உட்கார்ந்து வாசிக்கும் பல் மருத்துவர். நாய்க்குத் தொப்பி மாட்டிவிட்டு வாசிக்கும் தம்பதி. கம்பியில் விரல் வைத்து மூன்று பிடி பிடிக்கத் தெரிந்த அன்றே ஊருக்குப் பாடம் நடத்தக் கிளம்பிவிடுகிற ஜென்மங்கள். எல்லாருக்கும் பற்பசை விளம்பரச் சிரிப்பு. தப்பாக வாசித்தால் அதற்கும் ஒரு சிரிப்பு. அதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை.

என் மனைவியும் ஒன்று வரவழைத்தாள்.

"இது வாத்தியமா, சோப்பு டப்பாவா?" என்று கேட்டேன்.

"சோப்பு டப்பாதாங்க. ஆனா விரல் வருது, பாருங்க" என்று இடது கையை நீட்டி மடக்கிக் காட்டினாள். ஏழு மாதம் நான் எண்ணெய் தேய்த்துவிட்ட கை.

அந்தக் கூட்டத்தில் ஒரு படகுக்காரன் இருந்தான். எங்கேயோ ஒரு துறையில் படகில் டிக்கெட் கிழிக்கிறவன். சனிக்கிழமை மதியம் பல ஊர்க்காரர்களைத் திரையில் சேர்த்துவைத்துக்கொண்டு எல்லாரையும் ஒன்றாக வாசிக்க வைப்பான். இவளை 'அக்கா' என்பான். அவன் ஏதாவது சொன்னால் இவள் வாய்விட்டுச் சிரிப்பாள். ஒரு நாள் காலையில் பொத்தான் போட நான் குனிந்தேன். "நானே போட்டுக்கிட்டேங்க" என்றாள். எல்லாப் பொத்தானும் சரியாகவே போட்டிருந்தாள்.

அந்த வாத்தியத்தின் தலையில் ஒரு கிளிப் மாட்டியிருக்கும். கம்பியை மீட்டினால், சுருதி சேர்ந்தபோது பச்சை விளக்கு எரியும். எந்தச் சுருதியை வைத்து அளக்க வேண்டும் என்று அதில் ஓர் எண் உண்டு. உலகம் முழுக்க அது நானூற்று நாற்பது. ஒரு பொத்தானை அழுத்தினால் குறைக்கலாம். வாரத்துக்கு ஒன்று குறைத்தேன். எட்டு வாரம்.

"இந்த நம்பர் ஏங்க குறைஞ்சுக்கிட்டே வருது?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"அது பேட்டரி" என்றேன்.

தனியாக வாசித்தால் ஒன்றும் தெரியாது. நாலு கம்பியும் ஒரே அளவில் இறங்கியிருக்கும். திரையில் இருப்பவர்களோடு சேர்ந்து வாசிக்கும்போதுதான் உறுத்தும். அவளுக்கு உறுத்தியது. பச்சை விளக்கு எரிகிறது, காதில் மட்டும் ஒட்டவில்லை. என்னைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினாள். நான் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "சரியாத்தான் இருக்கு. நல்லா வாசிக்கிற" என்றேன்.

கம்பியை மறுபடி ஒரு தடவை மீட்டிப் பார்த்தாள். பிறகு, "அப்ப கோளாறு என் காதுலயாங்க?" என்றாள்.

கண்ணிலோ காதிலோ பேச்சிலோ சின்ன மாற்றம் தெரிந்தாலும் உடனே வரச் சொல்லியிருந்தார் மருத்துவர். கூட்டிக்கொண்டு போனேன். தலையைப் படம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். வரும் வழியில், "உங்ககிட்ட மட்டும் எதையோ சொல்லிட்டு என்கிட்ட மறைக்கிறாங்க, இல்ல?" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று ராத்திரி நான் ஊட்டியபோது தடுக்கவில்லை.

படகுக்காரன் அனுப்பிய செய்தியைத்தான் நீங்கள் மேஜைமேல் வைத்திருக்கிறீர்கள். ஆமாம், நான் படித்தேன். அவளுடைய போன் அப்போது என் கையில்தான் இருந்தது. அதைத் தொடவே அவளுக்கு மனசில்லாமல் போயிருந்தது. 'அக்கா, உங்க காதுல ஒரு குறையும் இல்ல. நாலு கம்பியும் ஒரே மாதிரி இறங்கியிருக்கு. கிளிப்புல 440ன்னு இருக்கான்னு பாருங்க.' டிக்கெட் கிழிக்கிறவனுக்கு அந்த அளவு காது இருக்குமென்று நான் எதிர்பார்க்கவில்லை. அதை அழித்தேன். இனிமேல் எழுத வேண்டாம் என்று அவள் எழுதுவதுபோல் நானே பதில் போட்டேன். அவன் தன் போனில் அதையெல்லாம் வைத்திருந்து என் மகளைத் தேடிப் பிடித்துக் காட்டுவான் என்றும் எதிர்பார்க்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வேலைக்குப் போயிருந்தேன். மதியம் திரும்பியபோது கட்டிலில் படுத்திருந்தாள். மாத்திரை டப்பா காலியாக இருந்தது. தலையணைக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு. 'ரெண்டாவது தடவை வரப்போவுதுன்னு எனக்குத் தெரியுதுங்க. மறுபடியும் உங்களை அந்தக் கஷ்டத்துல விட மாட்டேன்.' அவள் அதைக் கஷ்டம் என்று நினைத்திருக்கிறாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஏன் செய்தேன் என்கிறீர்கள். அந்த ஏழு மாதம் திரும்பி வந்தால் போதும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். எண்ணைக் குறைத்தது நான். பேட்டரி என்று சொன்னது நான். செய்தியை அழித்தது நான். அவள் சாக வேண்டுமென்று நினைக்கவில்லை. அதில் எனக்கு என்ன லாபம்?

வாக்குமூலத்தில் ஒன்றை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். பியானோவில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள சுருதி வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்குதான் நான் இறக்கியது. அதைக் கண்டுபிடிக்கிற காது எத்தனை பேருக்கு இருக்கும்? அவளுக்கு இருந்தது. அந்த வாத்தியத்தைப் பற்றி நான் என்ன நினைத்தாலும், அவள் வாசிப்பை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலும் கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். வாசித்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். ரொம்ப நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.