பெரிய வெள்ளியன்று ஆடாத ஆட்டம்

அவைக்குத் தலைமை தாங்கும் போதகர் ஐயா அவர்களே! வலப்பக்கம் வீற்றிருக்கும் பழைய ரக்பிக் கழகத்துப் பெரியோர்களே! இடப்பக்கம் இடித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் புதிய கழகத்து வீரர்களே! நெசவாலைச் சங்கு ஓய்ந்ததும் நேரே இங்கு நடந்து வந்த தாய்மார்களே! ஆண்டவரின் பெயரால் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஜெப மண்டபத்தில் தேநீர் ஊற்றித்தான் எனக்குப் பழக்கம், மேடை புதிது. போரில் மாண்ட என் கொழுந்தன் ஜேபஸ் ஹோல்ராய்டின் பெயர் பொறித்த கல்லைத் திறக்கும் இந்நாளில், அவனுடைய அண்ணனும் என் கணவருமான ஏமஸைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்றாவது வரிசையில் தொப்பியைத் திருகிக்கொண்டிருக்கிறாரே, அவர்தான்.

பதினைந்து பேர் ஆடும் பழைய ரக்பியிலும் இங்கிலாந்து அணியின் ரோஜாச் சின்னச் சட்டையை அணிந்தவர். பதின்மூன்று பேர் ஆடும் புதிய ரக்பியிலும் அணிந்தவர். எத்தனை பேருக்கு வாய்த்தது அந்தப் பெருமை? எத்தனை பேருக்கு வாய்த்தது அதற்கான தண்டனை? ஆட்டத்துக்காக இழந்த ஆலைக்கூலியைப் புதிய கழகம் ஈடுகட்டியது. ஆட்டத்துக்குக் காசு வாங்கக் கூடாது என்ற விதியைக் காட்டிப் பழைய கழகம் அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது. அவரோடு சேர்ந்து ஆடுகிறவனுக்கும் அதே தடை. ஜேபஸ் பழைய கழகத்திலேயே நின்றுவிட்டான்.

புதிய ஆட்டத்தில் முதல் நாள். இவரை மடக்கிக் கீழே தள்ளினார்கள். உடனே எழுந்து பந்தைக் காலால் பின்னுக்கு உருட்ட வேண்டும். இவரோ பழைய பழக்கத்தில் பந்தை விட்டுவிட்டுப் படுத்தே கிடந்தார். கூட்டத்திலிருந்து ஒரு குரல்:

"ஏண்ணே, தூங்கறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?"

ஜேபஸ்! ஆடத்தானே தடை, பார்க்கத் தடையில்லையே! சிரியுங்கள் ஐயா, சிரியுங்கள். இவரும் அன்று படுத்தபடியேதான் சிரித்தார்.

எட்டு ஆண்டுகள். ஒரே தெரு, ஒரே ஆலை, ஒரே ஜெபக்கூடம். ஆனால் ஒரே மைதானம் இல்லை. பிறகு போர் வந்தது. இருவரும் படையில் சேர்ந்தார்கள். படைக்குள் ஆடும் ஆட்டத்துக்குத் தடை தளர்ந்தது. ஒரே அணியில் அண்ணன் பந்தை வீச, தம்பி பிடித்து ஓட, நாள் குறித்தார்கள். எந்த நாள்? பெரிய வெள்ளி!

ஆண்டவர் சிலுவையில் தொங்கிய நாளில் பந்தைத் தொடமாட்டேன் என்று திருமணத்துக்கு முன்பே எனக்கு வாக்களித்தவர் இவர். இருவரும் விடுப்பில் வந்திருந்தபோது என் அடுப்படிக்கே வந்து நின்றான் ஜேபஸ்.

"அண்ணி, இந்த ஒரு தடவ விட்டுடுங்க. ஆண்டவர்கிட்ட நானே பேசிக்கறேன்."

"வாக்குக் குடுத்தது உங்கண்ணன். மீறுறதுன்னா அவரே மீறட்டும்" என்றேன்.

எவ்வளவு சாமர்த்தியமான பதில்! 'போய் வாருங்கள்' என்று நான் சொல்லியிருக்கலாம். அதற்காகவே வாசலில் காத்திருந்தார் இவர். நான் சொல்லவில்லை. தம்பியின் தோளைத் தட்டி, "விடுடா, இன்னொரு ஆட்டம் வராமயா போயிடும்" என்றார்.

வரவில்லை. அடுத்த மாதம் ஜேபஸைக் கப்பலேற்றினார்கள். ஜூலையில் தந்தி வந்தது. இத்தனை ஆண்டுகளில் இவர் என்னை ஒரு வார்த்தை கடிந்ததில்லை. கடிந்திருந்தால் எனக்குச் சற்று மனம் ஆறியிருக்கும். பெரிய வெள்ளி வரும்போதெல்லாம் ஜெபத்தில் முழங்காலிடுகிறேன். என் காதில் கேட்பது அடுப்படியில் அவன் கெஞ்சிய குரல்.

போர் ஓய்ந்தது, தடை திரும்பியது. பழைய கழகத்துப் பெரியோர்களே! உங்களை நான் குறை சொல்வேனா? எந்த வாயால் சொல்வேன்? நீங்கள் விதியைக் காத்தீர்கள். நானும் விதியைக் காத்தேன். நான் காத்த விதி பத்திரமாக இருக்கிறது. ஜேபஸ் எங்கே? இந்தக் கல்லில் இருக்கிறான்!

இன்று பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தேநீர் மேசை போடச் சொன்னார்கள். திரும்பிப் பாருங்கள். நான் ஒன்றுதான் போட்டிருக்கிறேன். விதியில் இடமுண்டா என்கிறீர்களா, பழைய கழகத்துச் செயலாளர் ஐயா? நான் கேட்கவில்லை. ஒருமுறை விதியைக் கேட்டது போதும்.

தேநீர் தயார். என் கணவருக்கு முதல் கோப்பையை வலப்பக்கத்துப் பெரியோர்களில் ஒருவர் எடுத்துத் தந்தால், ஜேபஸ் சார்பில் அவருக்கு என் நன்றி. பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. கர்த்தர் உங்கள் வீடுகளைக் காப்பாராக. வணக்கம்.