முப்பத்தோராம் அத்தியாயம்

அருவியில் குளித்தால் நல்ல பசி எடுக்கும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும், ஐயா. அதனால் அன்றைக்கு இருபது இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவி வாழையிலையில் கட்டிக்கொண்டேன். அண்ணாச்சிக்கு எட்டு, தம்பிக்கு எட்டு, எனக்கு நாலு. இரண்டு பேருக்கும் ஒன்றுபோல வைப்பதில் நான் எப்போதும் கவனமாக இருப்பேன். ஒரு இட்லி கூடினாலும் அதிலும் கட்சியைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

என் பெயர் வடிவம்மாள். ஊர் சுந்தரபாண்டியபுரம். வயது முப்பத்திரண்டு. இருபதில் தாலியறுத்து, கூடப்பிறந்த அண்ணாச்சி சங்கிலிப்பாண்டியின் வீட்டுக்கு வந்தேன். பன்னிரண்டு வருஷமாக அவர் உப்பைத் தின்கிறேன். நீங்கள் இங்கே அடைத்து வைத்திருப்பது அவரைத்தான். செத்துப்போனவன் என் தம்பி நல்லதம்பி. அண்ணன்தான் தம்பியை ஐந்தருவியில் தள்ளிவிட்டார் என்று கழகத்துக்காரர்கள் மனுக் கொடுத்திருக்கிறார்கள். அவர் தள்ளவில்லை. அதைச் சொல்லத்தான் பஸ் ஏறித் தென்காசிக்கு வந்தேன். நிதானமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி கதர். தம்பி கறுப்பு சிவப்பு. இந்தத் தை மாதம் இந்தி எதிர்ப்பில் தம்பி இருபது நாள் ஜெயிலில் இருந்தான். அண்ணாச்சி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வெளியே வந்தவன், பஞ்சாயத்துத் தேர்தலில் அவரை எதிர்த்தே நிற்கப் போவதாகச் சொல்லிவிட்டான். ஒரே அடுப்பில் பொங்கி இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சோறு போட்டேன். "ஏட்டி வடிவு, ஒந் தம்பிகிட்டச் சொல்லி வையி" என்பார் அவர். "எக்கா, ஒங்க அண்ணாச்சிகிட்டச் சொல்லு" என்பான் இவன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது கச்சேரி முடிந்தால் உறைக்குள் போய்விடும்.

இதில் ஒரு கதையும் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

தம்பி ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினான். அச்சுக் கிடையாது. மாதம் ஒரே ஒரு பிரதி. என் எழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்பதால் படியெடுக்கும் வேலை எனக்கு. அவனுடைய சிநேகிதன் ஏசுவடியான் அதைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்து வாங்குவான். எங்கள் ஊரில் கிளம்பி, குத்துக்கல்வலசை, தென்காசி என்று சுற்றி, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறையோடு திரும்பி வரும். அதில் 'முகிலன்' என்ற புனைபெயரில் ஒரு தொடர்கதை வந்தது. எழுதியது நான். அண்ணாச்சிக்கும் தம்பிக்கும் மட்டும் அது தெரியும். அறுதலி ஒருத்தி ராஜா கதை எழுதுகிறாள் என்று வெளியே தெரிந்தால் சிரிப்பார்கள் என்று இரண்டு பேரும் சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

முகில்நாடு என்பது மேகத்துக்கு மேலே இருக்கும் ராஜ்யம். அங்கே வாக்குத் தவறியவர்களுக்கு நிழல் விழாது. தளபதி வீரகேது ராஜாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்தவன். அவன் தம்பி இளங்கேது கலகக்காரர்களோடு சேர்ந்துவிட்டான். கோட்டைச் சாவி அவர்களுடைய சகோதரி செண்பகையின் இடுப்பில் இருக்கிறது. கதவைத் திறந்தால் உள்ளே அண்ணன் தலை போகும். திறக்காவிட்டால் வெளியே தம்பி பனியில் விறைத்துச் சாவான். இரண்டு பேருக்கும் அவள் வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் கதவுக்குப் பக்கத்தில் வந்தவள் முப்பதாம் அத்தியாயத்திலும் அங்கேயேதான் நின்றாள். டீக்கடைகளில் அடிதடி வரைக்கும் போனதாக ஏசுவடியான் வந்து சொல்லுவான். திறக்க வேண்டும் என்றவன் கழகம். திறக்கக் கூடாது என்றவன் காங்கிரஸ். நான் சந்தையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இரண்டு பேர், "அந்தப் பொம்பள என்ன செய்வா பாவம்" என்று பேசிக்கொள்வார்கள். என்னை அவர்களுக்குத் தெரியாது. எனக்கு அன்றைக்குச் சோறே வேண்டாம் போல இருக்கும். அவ்வளவு சந்தோஷம்.

ஆனி கடைசியில் தம்பி அடுக்களைக்கு வந்தான்.

"எக்கா, அடுத்த எதழ்ல கதவத் தெறந்துரு. எலெக்‌ஷனுக்கு முந்தி ஊரு படிக்கணும்."

"தெறந்தா அவ நெழலு போயிருமேப்பா."

"கதையிலதானக்கா. போனா என்ன? நீ எழுதலேன்னா நானே எழுதுதேன்."

அன்று சாயங்காலமே அண்ணாச்சி காதுக்கு அது போய்விட்டது. "கதவு தெறந்துச்சுன்னு வையி, நீ இந்த வீட்டு வாசல்ல நிக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார். அந்த வாசலை விட்டால் எனக்குப் போக்கிடம் கிடையாது. தம்பியை விட்டால் என் எழுத்துக்குப் போக்கிடம் கிடையாது. அதை மறைக்க விரும்பவில்லை.

ஆடி பிறந்ததும் நல்ல சாரல். அண்ணாச்சிதான் சொன்னார், "மூணு பேரும் போயிக் குளிச்சிட்டு வருவோம். தல குளுந்தா புத்தி வரும்" என்று. காலையில் ஐந்தருவிக்குப் போனோம். அண்ணாச்சி அருவிக்கரை எண்ணெய்க்காரன் மாடக்கண்ணுவிடம் தேய்த்துக்கொள்ளப் பாறையில் குப்புறப் படுத்துவிட்டார். மாடக்கண்ணு அவர் கட்சிக்காரன் என்பதால் அவன் சாட்சியை நீங்கள் நம்பவில்லை. அவன் சொன்னது நிஜம். எல்லாம் முடிகிற வரைக்கும் அண்ணாச்சி கண்ணையே திறக்கவில்லை.

தம்பி அருவியின் கடைசிக் கிளைக்குப் போனான். அங்கே அவன் ஒருத்தன்தான். மற்றவர்கள் இந்தப் பக்கம் நின்றார்கள். போகும்போது துணிப்பையை என்னிடம் கொடுத்து, "எக்கா, எழுதிட்டேன். உள்ள இருக்கு, படிச்சிப் பாரு. தண்ணியப் பாத்துக்கோ" என்றான்.

தண்ணீரைப் பார்ப்பது எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்து என் வேலை. மலைமேல் மழை பெய்து வெள்ளம் வருமுன் முதலில் சருகு வரும். பிறகு தண்ணீர் சிவக்கும். அப்புறம் கட்டையும் கல்லும். சருகைக் கண்டதும் வெளியே வந்துவிட்டால் ஆபத்தில்லை. அருவிக்குக் கீழே நிற்பவனுக்குக் குரல் கேட்காது. அதனால் கரையில் இருப்பவள் சிவப்புத் துண்டை வீசிக்காட்ட வேண்டும். குளிக்கிறவன் அவ்வப்போது தலையை வெளியே நீட்டி அவளைப் பார்த்துக்கொள்வான்.

நான் அவன் எழுதியதைப் படித்தேன். கதவு திறந்திருந்தது. ஊர்வலம், கொடி, முரசு என்று நாலு பக்கம் மேடைப்பேச்சு. படித்து முடித்துத் தலை நிமிர்ந்தபோது சருகு வந்துகொண்டிருந்தது.

யோசிக்க நேரம் இருந்தது, ஐயா. நிறையவே இருந்தது. தேர்தல் வந்தால் இரண்டு பேரும் வெட்டிக்கொள்வார்கள். ஒருத்தன் சாவான், ஒருத்தன் தூக்குக்குப் போவான், வீடு இருக்காது. ஒருத்தர் மட்டும் இல்லையென்றால் வீடு மிஞ்சும். அண்ணாச்சிக்கு நாலு பிள்ளைகள். தம்பி கட்டைப் பிரம்மச்சாரி, ஒற்றை ஆள். குடும்பத்துக்கு விசுவாசமாக இருப்பவள் வேறு எப்படிக் கணக்குப் போடுவாள்? நீங்களே சொல்லுங்கள்.

தம்பி தலையை வெளியே நீட்டினான். முகத்தை வழித்துவிட்டு என்னைப் பார்த்தான். துண்டு என் மடியில் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. அவன் சிரித்தான். படித்தாயா என்று கையால் கேட்டான். படித்தேன் என்று தலையாட்டினேன். மறுபடியும் உள்ளே போனான்.

தண்ணீர் சிவந்தபோது இந்தப் பக்கம் நின்றவர்கள் யாரோ கத்தி, எல்லாரும் ஓடிவந்துவிட்டார்கள். அவனுக்கு அது கேட்டிருக்காது. அவன் என்னை நம்பித்தானே நின்றான். மறுநாள் கால்வாயில் எடுத்தார்கள்.

அவனைக் கொன்றது நான்தான். தள்ளவில்லை, தொடவில்லை. துண்டு மடியில் இருக்க, பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சியை இன்றைக்கே விட்டுவிடுங்கள். நான் செய்தது இந்த வீட்டுக்காக. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அவன் எழுதிய தாள் எங்கே என்று கேட்டீர்கள். அடுப்பில் போட்டேன். முப்பத்தோராம் அத்தியாயத்தை நானே எழுதி, பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தி ஏசுவடியான் கையில் கொடுத்துவிட்டேன். அவன் தேம்பித் தேம்பி அழுதுகொண்டே வாங்கிப்போனான்.

கூடப்பிறந்தவன் சாகும்போது ஒரு சொட்டுக் கண்ணீர் கூடவா வரவில்லை என்கிறீர்கள். வந்தது, ஐயா. சருகு வருவதற்கு முன்னாலேயே, அந்தத் தாளைப் படிக்கும்போதே, தாரை தாரையாக வந்துவிட்டது. கதவைத் திறந்த கையோடு செண்பகையை அவன் ஒன்றரை வரியில் கொன்றிருந்தான்.