சனிக்கிழமைச் சுருட்டு

நல்ல சுருட்டை அவசரமாகப் பிடித்தால் நாக்கு கசந்துவிடும். புகையை வாயில் நிறுத்தி, ருசி பார்த்து, வெளியே விட்டுவிட வேண்டும். நெஞ்சுக்குள் இறக்கக் கூடாது. வாரத்துக்கு ஒன்று, சனிக்கிழமை சாயங்காலம், பால்கனியில் பிரம்பு நாற்காலியைப் போட்டுக்கொண்டு. நீ சின்னவளாக இருந்தபோது அந்த வாசனைக்காகவே என் பக்கத்தில் வந்து நிற்பாய்.

நேற்று நீ கடைக்கு வந்து, "அப்பாவுக்கு என்னைவிட சிகரெட்தான் பெருசாப் போச்சு பெரியப்பா. அதை மட்டும் என்னால மன்னிக்க முடியல" என்றாய். நான் மூக்குக்கண்ணாடி ஒன்றைத் துடைத்தபடியே தலையாட்டினேன். நீ போன பிறகு, அப்படித் தலையாட்டியிருக்கக் கூடாது என்று பட்டது. அதனால்தான் இன்று வரச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுவிடு.

உன் அப்பன் பஸ் ஓட்டியவன். ஒவ்வொரு நடை முடிவிலும் ஒன்று பற்றவைப்பான். டிக்கெட் கொடுப்பவர் விசில் ஊதியதும் பாதியில் மிதித்துவிட்டு ஏறுவான். வீட்டில் எல்லோரும் என்னைக் காட்டித்தான் அவனைத் திட்டுவார்கள். "அண்ணனைப் பாரு, அவரும்தான் பிடிக்கிறார். ஒரு அளவு வேண்டாமா?" என்பார்கள். அவனும் சிரித்துக்கொண்டே, "அண்ணன் ரசிகர், நான் அடிமை" என்பான். அதைக் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது. எவ்வளவு பிடித்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

நுரையீரல் டாக்டர் எச்சரித்த அன்று அவன் உன் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தான். உன் அம்மா போன பிறகு அவனுக்கு நீ ஒருத்திதான். சொன்னபடி விட்டான். நான் எதிர்பார்க்கவில்லை. எரிந்து விழுந்தான், தூக்கமில்லாமல் கிடந்தான், நிகோடின் சூயிங்கம்மை ஆடு மாதிரி மென்றான்; ஆனால் விட்டான். முகம் தேறியது. நம் வீட்டு மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறி வந்து நின்றான்.

உன் பெரியம்மா என்னைப் பார்த்தாள். "அவரே விட்டுட்டாரு. உங்களுக்கு வாரத்துக்கு ஒண்ணுதானே? அதை விடறதுல என்ன கஷ்டம்?"

நியாயமான கேள்விதான். அந்தச் சனிக்கிழமை நான் சுருட்டைத் தொடவில்லை. திங்கட்கிழமை லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தபோது கை நடுங்கியது. ஒருவருடைய கண்ணாடி வீணாகிப்போனது. கடையின் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அந்த அறைக்கு நான் வெகுநாட்களாகவே போய்க்கொண்டிருந்தேன். காலையில் அரைச் சுருட்டு, மதியம் மிச்சம். பால்கனியில் உட்காராததால் அதை நான் கணக்கில் சேர்த்ததில்லை.

உன் அப்பன் கண்ணாடி மாற்ற வந்தது அப்படியொரு நாளில்தான். சிகரெட்டை விட்டவனுக்கு மூக்கு எவ்வளவு கூர்மையாகிவிடும் என்று எனக்குத் தெரியாது. உள்ளே வந்ததும் நின்று, மூச்சை இழுத்து, "என்னண்ணா, இது சனிக்கிழமை வாசனை இல்லையே" என்றான்.

நான் பின்னறைக் கதவை இழுத்துச் சாத்தினேன். அவன் கேலியும் செய்யவில்லை. மேசைமேல் ஒரு சூயிங்கம் பட்டையை வைத்தான்.

"பயப்படாத. அண்ணிகிட்ட சொல்ல மாட்டேன். சேர்ந்தே விட்டுடலாம். முதல் வாரம்தான் நரகம், அப்புறம் பழகிடும். நான் இருக்கேன்ல."

அன்புடன்தான் சொன்னான். அவன் குரலில் இரக்கம் இருந்தது. என் தம்பி என்மேல் இரக்கப்படுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை அவனைப் பால்கனிக்குக் கூப்பிட்டேன். "ஒண்ணே ஒண்ணு. உள்ள இழுக்காத, வாயோட சரி. என்னைக்காவது ஒரு நாள் அளவா இருக்கறதுல தப்பில்ல" என்றேன். வேண்டாம் என்றான். நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டேன். என் மனசு நோகக் கூடாதென்று வாங்கிக்கொண்டான். சிகரெட் பிடித்துப் பழகியவனுக்கு உள்ளே இழுக்காமல் இருக்கத் தெரியாது. அது எனக்குத் தெரியும். முதல் இழுப்பிலேயே அவன் கண் மூடியதைப் பார்த்தேன்.

அப்படியும் அவன் சிகரெட் வாங்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் சுருட்டு கொடுத்தேன். மற்ற நாட்களில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். அதனால், அவன் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஆணியில் தொங்கிய அவன் காக்கிச் சட்டைப் பையில் ஒரு பாக்கெட்டை வைத்தேன். அவன் எப்போதும் பிடிக்கும் அதே ரகம். தீப்பெட்டியும் வைத்தேன்.

துவைக்கப் போட்டபோது நீ எடுத்தாயே, அந்தப் பாக்கெட்தான் அது. அதற்குள் அவன் அதைப் பிரித்திருந்தான். "எங்கிருந்துப்பா?" என்று நீ கேட்டதற்கு, "நானேதான் வாங்கினேன்" என்றான். யார் வைத்தது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். உன்னிடம் மட்டுமில்லை, என்னிடம்கூட அவன் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. நீ அவனோடு பேசுவதை நிறுத்தினாய். அவன் பழையபடி ஒன்றை அணைத்து ஒன்றைப் பற்றவைத்தான். உன் பெரியம்மாவும், "நீங்களாவது அளவா இருக்கீங்களே" என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

அவன் கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நடந்த விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

நீ வெளியே நடையில், தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். உள்ளே அவன் ஆக்ஸிஜன் முகமூடியைக் கழற்றிவிட்டு, "குட்டி வந்திருக்காளாண்ணா? கூப்பிடு. அவகிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்றான்.

நான் வெளியே வந்தேன். நீ சட்டென்று எழுந்து நின்றாய். உன் முகத்தில் கோபமே இல்லை. "அப்பா தூங்குறான்மா. யாரையும் பார்க்க வேண்டாம்னுட்டான். நீ வீட்டுக்குப் போ" என்றேன். நீ லிஃப்டில் இறங்கும்வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே போனேன். "அவ கிளம்பிட்டாடா. பார்க்க இஷ்டமில்லையாம்" என்றேன்.

அவன் முகமூடியை மாட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். அதன் பிறகு அவன் யாரோடும் பேசவில்லை.

என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவான் என்று பயந்து அப்படிச் செய்ததாக நீ நினைக்கக் கூடாது. பேசினால் அவனுக்கு மூச்சு வாங்கும், அதற்காகத்தான்.